பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சி எங்கே: மையத்தில் தங்கியா, போய்வந்தா, வீட்டிலேயேவா?

"நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போய் பிசியோவைத் தொடருங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் குடும்பத்துக்குத் தலைசுற்றும். உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரைகள் எழுதியாயிற்று. ஆனால் அப்பாவால் தானாக எழுந்து உட்கார முடியவில்லை, வலது கை அசைவில்லாமல் மடியில் கிடக்கிறது, பாத்ரூம் கூட்டிப் போக இரண்டு பேர் வேண்டும். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா? ஆட்டோ பிடித்துத் தினமும் கூட்டிப் போவதா? தெரபிஸ்ட்டை வீட்டுக்கே வரச் சொல்வதா? ஒரு அட்டெண்டரைப் போட்டு நாமே பார்த்துக்கொள்வதா? இந்தக் கேள்வியோடு எழுதுகிற வாசகர்கள் அநேகம்.

பெரும்பாலானோர் நடையை மட்டும் மனதில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். "நடந்துட்டார்னா போதும்" என்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடப்பார். ஆனால் சட்டை போட்டுவிட, சோறு ஊட்டிவிட, குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும். அதனால் எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, கழிப்பறை போய்வருவது ஆகிய வேலைகளை அவர் தானே செய்து பழக, இங்கே ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கும், அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

இன்று அவரால் என்ன முடியும்? 1965 முதல் புழக்கத்தில் இருக்கும் பார்தெல் அளவுகோல் இதற்கு வசதியானது. சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என 10 செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இந்த மதிப்பெண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் தேவலை" என்ற பேச்சை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

எத்தனை மணி நேரம், என்ன பயிற்சி? சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லா வகை தெரபியும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அது எளிதாகக் கிடைக்காது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடு வேண்டுமல்லவா, அதற்கு உதவும்.

யார் சொல்லிக்கொடுப்பது? பிசியோதெரபிஸ்ட் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்குவார். அன்றாட வேலைகளைப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலை. பேச்சும் விழுங்குவதும் ஸ்பீச் தெரபிஸ்ட் பொறுப்பு. பிசியோ கிளினிக் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பெரிய ஊர்களைத் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பல முடிவுகள் இதை வைத்தே மாறிவிடும்.

ஆபத்து என்ன? தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, ஒரு பக்கத்தைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறாரா, விழும் அபாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். முதலாவது இருந்தால் விழுங்கும் பரிசோதனை முடியாமல் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது.

வீட்டில் யார்? "நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்பவர் ஒருவர், தூக்கி நிறுத்துபவர் வேறொருவர். பெரும்பாலும் அது 60 வயது மனைவி அல்லது வேலைக்குப் போகும் மருமகள். அவர்களுடைய முதுகும் சம்பளமும் கணக்கில் வர வேண்டும்.

காலம். முன்னேற்றம் முதல் 3 மாதங்களில் வேகமாகவும், 6 மாதம் வரை ஓரளவும், அதன் பிறகு மெதுவாகவும் இருக்கும். ஆகவே நல்ல இடம் என்று ஒரு மாதம் இடத்துக்காகக் காத்திருப்பதும் ஒரு செலவுதான். இதற்கு நேர்மாறான அவசரமும் வேண்டாம். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பித் தீவிரமாக நடமாட வைத்தால், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருப்பவர்களின் அளவு குறைகிறது என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவெர்ட் ஆய்வு காட்டியது. ஐசியூவிலேயே ஏன் நடக்க வைக்கவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | தங்கிப் பெறும் மையம் | போய்வருவது | தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது | அட்டெண்டரும் குடும்பமும் |
|---|---|---|---|---|
| பயிற்சி நேரம் | அதிகம் (கால அட்டவணை இருந்தால்) | ஒரு மணி நேரம்வரை | முக்கால் மணி நேரம். மிச்சம் குடும்பத்தின் கையில் | சொல்லிக்கொடுத்தால் உண்டு |
| ஆக்குபேஷனல் தெரபி | நல்ல மையத்தில் உண்டு | சில இடங்களில் | கேட்டுத் தேட வேண்டும் | இல்லை |
| மருத்துவக் கண்காணிப்பு | உண்டு | அவ்வப்போது | குறைவு | இல்லை |
| வெளியே தெரியாத செலவு | கூட இருப்பவரின் சம்பள இழப்பு, காப்பீடு மறுப்பு | ஆட்டோ, காத்திருப்பு, அசதி | வீட்டு மாற்றங்கள், மாற்று ஆள் இல்லாமை | இருக்கும் திறமையும் போவது |
| யாருக்குப் பொருந்தும் | நடுத்தரம் முதல் கடுமையான பாதிப்பு, முதல் வாரங்கள் | உட்கார முடிந்து, ஆட்டோவில் ஏறக்கூடியவர் | லேசான பாதிப்பு. மையத்திலிருந்து திரும்பியவர் | மீட்சியைவிடப் பராமரிப்பே நோக்கமானால் |

## தங்கிப் பெறும் மறுவாழ்வு மையம்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிறுவனம் பாகாயத்தில் தொடங்கியது. அரசுத் தரப்பில் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இதன் பலம், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது. காலையில் எழுந்ததிலிருந்து பல்துலக்குவது, குளிப்பது, உடுத்துவது எல்லாமே பயிற்சியாகிவிடும். விழுங்குவதில் சிக்கல், தோள் வலி, சிறுநீர்த் தொற்று எதுவானாலும் டாக்டர் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார். நிற்கவே முடியாதவருக்கும், பேச்சும் பாதிக்கப்பட்டவருக்கும், ஒரு பக்கம் இருப்பதையே மறந்துவிடுபவருக்கும் முதல் சில வாரங்களுக்கு இதுதான் சரி என்பது என் கருத்து.

சேர்ப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "ஒரு நாளைய அட்டவணையைக் காட்ட முடியுமா?" ரோபோ நடைக் கருவி, கம்ப்யூட்டர் விளையாட்டு என்று விளம்பரப்படுத்தும் இடங்களில்கூட, காலை முக்கால் மணி, மாலை முக்கால் மணி போக மிச்ச நேரமெல்லாம் கட்டிலிலேயே கழியலாம். குளிக்கப் பழக்குவது யார் என்று கேட்டு, "அதெல்லாம் அட்டெண்டர் பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது காப்பீடு. ஓய்வுக்காகவும் பராமரிப்புக்காகவும் நடக்கும் சேர்க்கைகள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் (பாலிசி பணம் தராதவற்றில்) ஒன்று, 'மறுவாழ்வு' என்ற சொல் அந்த விலக்கின் தலைப்பிலேயே இருக்கிறது. சேர்ந்த பிறகு சண்டை போடுவதைவிட, முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அதேசமயம், பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் செலவுக்கு இடம் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோ ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டாவது செலவு ரூபாயில் தெரியாது. மையத்தில் கைப்பிடி வைத்த கழிப்பறை, உயரம் மாற்றும் கட்டில், மேடுபள்ளம் இல்லாத தரை இருக்கும். வீட்டிலோ ஒரு முழ உயர நிலைப்படி, இந்தியன் டாய்லெட், வழுக்கும் குளியலறை. அங்கே கற்றது இங்கே செல்லுபடியாகாமல் போகும். அதனால் முதல் வாரத்திலேயே வீட்டுக் குளியலறை, கட்டில், வாசல் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துத் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் கட்டில் உயரத்துக்குத்தான் எழுந்து நிற்கப் பழக்க வேண்டும்.

## தினமும் போய்வருவது

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தனியார் கிளினிக்குகளிலும் தங்கும் செலவு இல்லை. உட்கார்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய, ஆட்டோவில் ஏறி இறங்கக்கூடிய ஒருவருக்கு, வீட்டைவிட்டு வெளியே வருவதே ஒரு பயிற்சி. சட்டை போட வேண்டும், செருப்பு மாட்ட வேண்டும், மனிதர்களைப் பார்க்க வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பக்கவாத நோயாளி, "எனக்கும் விரல் அசையல, நாலு மாசத்துல வந்துச்சு" என்று சொல்வது, டாக்டர் சொல்வதைவிட உடனே மனதில் ஏறும்.

ஆனால் பக்கவாதத்துக்குப் பிந்தைய அசதி சாதாரண அசதி அல்ல. ஒன்றரை மணி நேரம் போகவும் வரவும் செலவழித்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, முக்கால் மணி நேரம் பயிற்சி செய்தால், திரும்பியதும் அன்றைய பொழுது தூக்கத்தில் போய்விடும். கூட வருபவரின் அரைநாள் சம்பளமும் போச்சு. 5 கிலோமீட்டருக்கு மேல் தூரமென்றால் வாரத்தில் 3 நாள் என்று குறைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் வீட்டிலேயே செய்ய வேண்டியதை எழுதி வாங்கிக்கொள்வது மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கரண்ட் வெச்சாங்க, மெழுகு வெச்சாங்க" என்று திருப்தியோடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. தசையைத் தூண்டும் மின்சிகிச்சைக்குச் சில இடங்களில் பயன் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் முழுவதும் நோயாளி படுத்தே இருந்தார் என்றால், அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எண்ணெய் தடவி உருவுவதற்கும் இதே அளவுகோல்தான். சுகமாக இருக்கலாம், பயிற்சிக்குப் பதிலாகாது.

## தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது

என்னைக் கேட்டால், சரியாக நடத்தினால் அன்றாடத் திறமைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தன் சொந்தக் குளியலறையில், தன் தட்டில், தன் அலமாரியிலிருந்து எடுத்த சட்டையோடு பழகுகிறார். ஆக்குபேஷனல் தெரபி குறித்த 9 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, அன்றாட வேலைகளையே குறிவைத்துப் பழக்கியவர்கள் அவற்றை மேலும் நன்றாகச் செய்தார்கள் என்று காட்டியது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். வலது கை போய்விட்டால் நம் வீடுகளில் உடனே ஊட்டிவிட ஆரம்பித்துவிடுகிறார்கள். இடது கையால் சாப்பிடுவதற்குக் கூச்சம், அதிலும் விருந்தாளிகள் முன் என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல தெரபிஸ்ட் இதை இரண்டாகப் பிரிப்பார். இப்போதைக்கு இடது கையில் ஸ்பூன், விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. கூடவே, பிய்த்துப் போட்ட இட்லியை வலது கை விரல்களால் எடுக்கும் பயிற்சி. அது கைவந்த பிறகு கெட்டியான சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசியில். விழுங்குவதில் சிக்கல் இருந்தவருக்கு ரசம், தண்ணீர் போன்ற நீர்த்த பொருள்கள்தான் எளிதில் புரையேறும், அதில் அவசரம் கூடாது.

உடுத்தும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் வேட்டி கட்டுவது பெரும்பாடு. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த லுங்கி போதும். பெண்களைப் பொறுத்தவரை நைட்டியோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அவருக்குப் புடவைதான் வேண்டுமென்றால், மடிப்பைத் தைத்து வைத்த புடவையும் முன்பக்கம் வெல்க்ரோ வைத்த ரவிக்கையும் இருக்கின்றன, கேளுங்கள். குளிப்பதற்கு பாத்ரூமில் ஒரு உறுதியான பிளாஸ்டிக் நாற்காலி, நல்ல கைப் பக்கம் வாளி, பாதி மட்டுமே மொண்ட மக். இந்தியன் டாய்லெட்டுக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் இருந்தால், இரண்டு பேர் செய்த வேலை ஒருவருக்கு வந்துவிடும்.

குறை எங்கே? பல இடங்களில் தெரபிஸ்ட் வந்து, கட்டிலிலேயே கைகாலை மடக்கி நீட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஒரு வருகைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 நாளுக்கு 15,600 ரூபாய். அந்தத் தொகையைக் கைகால் அசைத்துவிட மட்டும் கொடுப்பது நட்டம். தினமும் வரச் சொல்வதைவிட, வாரத்துக்கு 3 நாள் வரவழைத்து, அதில் ஒரு நாள் காலையில் குளியல் நேரத்துக்கு வரச் சொல்லிப் பாருங்கள். தெரபிஸ்ட் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பணம் இல்லையா? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு வருகையையும் 'அடுத்த முறை வரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

## அட்டெண்டரும் குடும்பமும் மட்டும்

இது பலருக்கு விருப்பத் தேர்வு அல்ல, வேறு வழியில்லாமல் வருவது. "தெரபிஸ்ட் எதுக்கு, நமக்கே சொல்லிக்கொடுத்தா செய்ய மாட்டோமா?" என்ற கேள்வியை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. ஒரு பகுதியினரின் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் இரு பிரிவிலும் 47 சதவீதம். குடும்பம் உதவாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரபிஸ்ட் செய்ய வேண்டியதைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஏஜென்சி அனுப்பும் அட்டெண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்துவிடத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, படுக்க வைத்தால் வீட்டார் பாராட்டுகிறார்கள். இதன் விலை பிறகுதான் தெரியும். ஓரளவு அசையும் கைகூட, வேலையே கொடுக்காததால் பழக்கம் விட்டுப்போய்விடும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அவரே செய்யட்டும், அரைமணி ஆனாலும் பரவாயில்லை, நீங்க பக்கத்துல நில்லுங்க." பாதித்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது, தோள்மூட்டு நழுவும்.

ஏற்கெனவே படுக்கையாக இருந்தவர், மறதி நோய் முற்றியவர் போன்றோருக்கு இந்த வழியே கருணையானது. அங்கே நோக்கம் வேறு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல், மூட்டு இறுகாமல், வலியில்லாமல் பார்த்துக்கொள்வது.

## நானாக இருந்தால்

பார்தெல் மதிப்பெண் குறைவு, உட்கார்ந்தால் சாய்கிறார் என்றால்: கடன் வாங்காமல் முடிகிற அளவுக்கு, இரண்டு மூன்று வாரமானாலும் சரி, ஆக்குபேஷனல் தெரபி உள்ள மையம். அங்கே இருக்கும்போதே வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் அந்த ஒருவருக்குப் பயிற்சி. மூன்று மாதம் தங்க வைக்க வேண்டிய தொகையை, மூன்று வாரம் மையத்துக்கும் மிச்சத்தை வீட்டு வருகைக்கும் கைப்பிடிகளுக்கும் பிரித்துச் செலவழிப்பேன்.

தானே உட்காருகிறார், ஒருவர் பிடித்தால் நிற்கிறார் என்றால்: வீட்டு வருகை, அல்லது பக்கத்தில் நல்ல பிரிவு இருந்தால் போய்வருவது. இரண்டையும் கலந்து செய்தால் இன்னும் நல்லது.

ஆறு மாதம் தாண்டிவிட்டது, கை மட்டும் வரவில்லை என்றால் கதவு மூடிவிடவில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தானே நிமிர்த்த முடிந்தவர்களுக்கு, நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாதித்த கையையே வேலை செய்ய வைக்கும் இரண்டு வாரத் தீவிரப் பயிற்சி உண்டு. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களிடம் அது பலன் தந்ததை அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வு காட்டியது. விரலே அசையாதவரை இதில் தள்ளினால் வெறுத்துப்போவார். தெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே முயல வேண்டும்.

எடுத்த முடிவை மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள். பார்தெல் மதிப்பெண் ஒரு மாதமாக ஏறவில்லை என்றால், இடத்தை மாற்றும் முன் இரண்டைச் சோதியுங்கள். செய்யும் பயிற்சிக்கும் வராத வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? அடுத்தது, அவர் பயிற்சிக்கே வர மறுக்கிறாரா, பேச்சைக் குறைத்துவிட்டாரா, இரவில் தூங்குவதில்லையா? பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டில் அதை "பிடிவாதம் பிடிக்கிறார்" என்று சொல்லிவிடுவோம். அதற்கு மருந்து உண்டு, மனநல ஆலோசனையும் உண்டு. மையத்தை மாற்றுவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.